விக்டோரியாவின் தங்கவயல் நாட்டில் பழைய பண்ணைக் குடிலில் தங்க: முதல்முறை போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னிலிருந்து வடமேற்கே 120 கிலோமீட்டர் போனால் காசில்மெய்ன். அதைச் சுற்றிச் சூட்டன், ஃபிரையர்ஸ்டவுன், கில்ஃபோர்ட், மால்டன் என்று சின்னச் சின்ன ஊர்கள். 1851இல் இந்தப் பக்கத்து ஓடைகளில் தங்கம் கிடைத்த சேதி பரவியதும் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். தங்கம் தீர்ந்ததும் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அவர்கள் கட்டிய கல் வீடுகளும் பலகை வீடுகளும் சில இன்னும் நிற்கின்றன. அவற்றில் பல இன்று ஆடு, கோழி, அல்பாக்கா வளர்க்கும் பண்ணைகளுக்குள் இருக்கின்றன. வார இறுதிக்கு வாடகைக்கும் கிடைக்கின்றன.

நம்மவர்கள் பலர் இங்கே காலையில் போய் மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போனால் கடைத்தெருவும் காபியும்தான் மிஞ்சும். இந்த நாட்டைப் பார்க்க இரண்டு இரவாவது ஒரே குடிலில் தங்க வேண்டும், காரை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதற்கான ஏற்பாடுதான்.

எந்த ஊர்ப் பக்கம்

தங்கவயல் என்றதும் எல்லோரும் பல்லராட்டைத்தான் சொல்வார்கள். 1854 டிசம்பர் 3 அன்று, உரிமக் கட்டணத்தை எதிர்த்துத் தங்கம் தோண்டியவர்கள் கிளர்ந்த யுரேகா எழுச்சி நடந்த ஊர், பார்க்க வேண்டிய ஊர்தான். பெண்டிகோவும் அப்படியே, பழைய சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க அங்கே சென்ட்ரல் டெபோரா இருக்கிறது. ஆனால் இரண்டும் இப்போது பெரிய நகரங்கள். பண்ணையில் தங்கி, வாசலிலிருந்தே பழைய தோண்டல்களைப் பார்க்க வேண்டுமென்றால் என் ஓட்டு காசில்மெய்னுக்கும் மால்டனுக்கும் நடுவிலுள்ள பகுதிக்கு. காசில்மெய்ன் பக்கத்துப் பழைய தோண்டல்களில் பெரும் பகுதியைத் தேசியப் பாரம்பரியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். மால்டனை 1966இலேயே, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் அமைப்பான தேசிய அறக்கட்டளை நாட்டின் முதல் 'குறிப்பிடத்தக்க நகரம்' என்று அறிவித்தது. அதனால் அந்தத் தெருக்கள் அதிகம் இடிபடாமல் தப்பின.

எப்போது போவது

மார்ச் முதல் மே வரை, அப்புறம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. இந்த இரண்டு பருவமும் நடப்பதற்கு நல்லவை. இலையுதிர் காலத்தில் போனால் பக்கத்து ஹார்கோர்ட்டில் ஆப்பிள் பறிக்கும் சமயமாக இருக்கும்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் வெப்பம் பூச்சியத்தை ஒட்டி இறங்கும், காலையில் புல்லெல்லாம் வெண்பனி பூத்திருக்கும். குளிர் பொறுப்பவர்கள் அதற்காகவே போகலாம், பல பண்ணைகளில் ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் காலமும் அதுதான். ஜனவரி, பிப்ரவரி வேண்டாம் என்பேன். வெயில் 40 பாகையைத் தொடும், காட்டுத்தீ அபாயம் இருக்கும், பாம்பு நடமாட்டமும் அதிகம். ஈஸ்டர், மெல்பர்ன் கோப்பை விடுமுறை, பள்ளி விடுமுறை நாட்களுக்குப் பல மாதம் முன்பே இடம் பிடித்துவிட வேண்டும்.

பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டியவை

படங்களைப் பார்த்து மயங்கிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். வீடு நூற்றைம்பது வயதை நெருங்கியது. உரிமையாளருக்கு ஒரு செய்தி அனுப்பி இவற்றைக் கேளுங்கள்.

குளியலறையும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றனவா? பழைய குடில்களில் முன்பக்கம் இரண்டு அறைகள்தான் அசல், சமையலறையும் குளியலறையும் பின்னால் சாய்ப்பாக இறக்கியவை. சிலவற்றில் தாழ்வாரத்தைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால் இதுதான் முதல் கேள்வி. கதவு நிலையின் உயரம், படிகளின் எண்ணிக்கை, இரவில் வெளிவிளக்கு உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

சூடேற்ற என்ன இருக்கிறது? விறகு அடுப்பு மட்டும்தானா, மின் ஹீட்டரும் உண்டா? விறகு அவர்களே தருகிறார்களா? கல் வீடு ஒரு நாள் பூட்டிக் கிடந்தாலே உள்ளே சில்லென்று ஆகிவிடும். நீங்கள் வருவதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்து வைக்க முடியுமா என்று கேட்கத் தயங்க வேண்டாம், பலர் செய்து தருவார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பண்ணைகளில் பெரும்பாலும் கூரையில் விழுந்து தொட்டியில் சேர்ந்த மழைநீர்தான். எட்டுப் பேர் இரண்டு வேளை குளித்தால் கோடையில் தொட்டி தாங்காது.

வளாகத்தில் மூடப்படாத சுரங்கக் குழிகளோ அணைக்கட்டுக் குளமோ இருக்கின்றனவா? குழந்தைகள் உள்ள வீட்டார் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று. தீ அபாயம் மிக அதிகமான நாளில் பதிவு ரத்தானால் பணம் திரும்புமா? நல்ல பண்ணையாளர்கள் அத்தகைய நாட்களில் தாங்களே விருந்தினரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை

அரிசி, பருப்பு, புளி, கறிவேப்பிலை, தேங்காய் எல்லாம் மெல்பர்னிலேயே வாங்கிவிடுங்கள். காசில்மெய்னில் சூப்பர்மார்க்கெட் இருக்கிறது, ஆனால் நம் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். மாவு கொண்டுபோவதானால் வீட்டிலேயே பொங்கவைத்து எடுத்துப் போங்கள். குளிர்காலத்தில் அந்தக் குடிலில் மாவு புளிக்கவே புளிக்காது.

தாளிப்பது பற்றி ஒரு வார்த்தை. பழைய சமையலறைகளில் புகைபோக்கி விசிறி பெரும்பாலும் இருக்காது, புகை உணரி மட்டும் கூரையில் இருக்கும். மிளகாய் வறுத்தால் அலறும். ஜன்னலைத் திறந்து வைத்து, முடிந்தால் வெளியே உள்ள பார்பெக்யூ அடுப்பில் தாளித்துக்கொள்ளுங்கள். சாம்பிராணியும் விளக்கும் உரிமையாளரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம். வீடு முழுக்கக் காய்ந்த பழைய மரம்.

கணுக்கால் மூடும் பூட்ஸ், தலைவிளக்கு, கம்பளிச் சாக்ஸ், முதலுதவிப் பெட்டியில் அழுத்திக் கட்டும் அகலமான மீள்துணிக் கட்டு ஒன்றிரண்டு. வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது.

போய்ச் சேர்வது

கால்டர் ஃப்ரீவேயில் ஒன்றரை மணி நேரப் பயணம். சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து பெண்டிகோ போகும் ரயிலும் காசில்மெய்னில் நிற்கும், ஆனால் அங்கிருந்து பண்ணைக்கு எப்படியும் கார் வேண்டும். வாடகைக் கார் எடுத்தால், தார் போடாத சாலையில் ஓட்டக் காப்பீடு உண்டா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில் கிடையாது. பண்ணைக்குப் போகும் கடைசிச் சில கிலோமீட்டர் பெரும்பாலும் சரளைச் சாலைதான்.

பொழுது இருக்கும்போதே போய்ச் சேருங்கள். அந்தி வேளையிலும் விடியற்காலையிலும் கங்காரு சாலைக்குக் குறுக்கே பாயும். ஒன்று தாண்டிப் போனால் பின்னால் இன்னொன்று வரும் என்று எண்ணி வேகத்தைக் குறைத்தபடியே இருங்கள்.

முதல் மாலை: அடுப்பும் தண்ணீரும்

பெட்டிகளை இறக்கியதும் முதல் வேலை அடுப்பு. இந்த ஊர் விறகு கடினமானது. ரெட்கம், பாக்ஸ், அயர்ன்பார்க் போன்ற யூகலிப்டஸ் வகைகள். தடித்த கட்டையை நேரடியாகப் பற்றவைக்கப் பார்த்தால் பற்றாது. காற்று வரும் நெம்பை முழுக்கத் திறந்துவிடுங்கள். கசக்கிய காகிதம், அதன்மேல் விரல் பருமன் சுள்ளிகள், அதன்மேல் மணிக்கட்டுப் பருமன் துண்டு இரண்டு. பற்றவைத்து, கதவை ஒரு விரற்கடை திறந்தே வைத்துச் சில நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். சுள்ளிகள் தணலான பிறகுதான் பெரிய கட்டை. படுக்கப் போகும்போது காற்றைக் குறைத்தால் காலை வரை தணல் நிற்கும். பார்பெக்யூ கரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் எரிக்காதீர்கள். அதன் வாயு ஆளைக் கொல்லும்.

அடுத்தது தண்ணீர். தொட்டி நீரை வீட்டுக்குள் தள்ளுவது மின்மோட்டார். மின்சாரம் போனால் குழாயிலும் தண்ணீர் வராது. அதனால் போன உடனே ஒரு வாளியும் ஒரு பெரிய பாத்திரமும் நிரப்பி வைத்துவிடுங்கள். கழிவுநீர் போவது நிலத்தடி செப்டிக் தொட்டிக்கு, எண்ணெயையும் சாதத்தையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள்.

இந்த வேலைகள் முடிந்ததும் தாழ்வாரத்தில் வந்து உட்காருங்கள். கல் வீடாக இருந்தால் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சாந்து சிமென்ட் அல்ல, சுண்ணாம்பு. நகம் பட்டாலே பொடி உதிரும். அதனால்தான் சுவரில் எதையும் ஒட்டாதீர்கள், மாட்டாதீர்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள். இந்த வீடுகள் ஏன் இவ்வளவு சிறியவை? ஆரம்பத்தில் தோண்டுகிறவர் மாதம் 30 ஷில்லிங் கட்டி உரிமம் வாங்க வேண்டும், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். அதை இரட்டிப்பாக்க அரசு நினைத்தபோது 1851 டிசம்பர் 15 அன்று சூட்டனில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி எதிர்த்தார்கள். அரசு பின்வாங்கியது. யுரேகாவில் ரத்தம் சிந்திய பிறகு, 1855இல், உரிமம் ஒழிந்து ஆண்டுக்கு ஒரு பவுன் விலையில் 'சுரங்கர் உரிமைச் சீட்டு' வந்தது. அந்தச் சீட்டு ஓட்டுரிமையும் தந்தது, சிறு துண்டு நிலத்தில் வீடு கட்டிக் குடியிருக்கும் உரிமையும் தந்தது. கூடாரத்திலும் மரப்பட்டைக் கொட்டகையிலும் கிடந்தவர்கள் அந்தத் துண்டு நிலத்தில் தங்கள் கையால் எழுப்பியவைதான் இப்படிப்பட்ட குடில்கள் பலவும். இரண்டு அறை, ஒரு கணப்பு, ஒரு தாழ்வாரம்.

காலை: பண்ணைக்குள்

முட்டை எடுக்கவும் தீனி போடவும் பெரும்பாலான பண்ணைகளில் விருந்தினரைச் சேர்த்துக்கொள்வார்கள். குழந்தைகளுக்கு இதைவிட வேறெதுவும் தேவைப்படாது. சில விதிகள் மட்டும் மீறக் கூடாதவை. வாயில் திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். நல்லெண்ணத்தில் மூடிய ஒரு வாயில் மந்தையைத் தண்ணீரிலிருந்து பிரித்துவிடும். குட்டியோடு நிற்கும் ஆட்டின் அருகே போகாதீர்கள், தனியாகக் கிடக்கும் குட்டியையும் தூக்காதீர்கள், தாய் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். மெல்லிய வெள்ளைக் கம்பியோ நாடாவோ வேலியில் ஓடினால் அதில் மின்சாரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சச் சோறு, ரொட்டி எதையும் விலங்குகளுக்குக் கேட்காமல் போடக் கூடாது.

நிலத்தைப் படிப்பது

வெளியே நடக்கும்போது தரை சமமாக இல்லாததைக் கவனிப்பீர்கள். எங்கு பார்த்தாலும் சின்னப் பள்ளமும் அதன் பக்கத்திலேயே சின்ன மேடும். ஒருவர் தனக்கு அளந்து கொடுத்த சில அடி நிலத்தில் கீழே பாறை வரும்வரை இறங்கித் தோண்டிய இடம் அது. வட்டமாக ஒரு வாய்க்கால், நடுவில் ஒரு திட்டு தெரிந்தால் அங்கே குதிரையைச் சுற்றவிட்டுக் களிமண்ணைக் கரைத்திருக்கிறார்கள். மலைச்சரிவில் ஒரே மட்டத்தில் நெடுந்தூரம் ஓடும் மெல்லிய பள்ளம், தண்ணீர் கொண்டுவந்த கால்வாய். ஒரு குன்றின் பக்கவாட்டையே காணோம் என்றால், அழுத்தத்தில் பீய்ச்சிய நீரால் கரைத்துவிட்டார்கள். சூட்டன் அருகே கார்ஃபீல்ட் நீர்ச்சக்கரத்தின் கல் தாங்கிகள் நிற்கின்றன. தங்கம் பொதிந்த வெங்கச்சங்கல்லை இடிக்கும் உலக்கைகளை ஓட்டுவதற்காக 1880களில் நிறுவிய சக்கரம், ஏழு மாடி உயரம்.

இந்த நிலத்தின் பூர்வகுடிகள் ஜா ஜா உரங் மக்கள். தோண்டிப் புரட்டிப்போட்ட இந்த மண்ணை அவர்கள் 'தலைகீழான நாடு' என்கிறார்கள். மேல்மண் போனது, மரங்கள் போயின, ஓடைகளில் சேறு நிரம்பியது, அவர்களுடைய உணவும் அதோடு போனது. இன்று நீங்கள் பார்க்கும் காடு, வெட்டிய அடிமரங்களிலிருந்து மறுபடி துளிர்த்தது. ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டுகள் கிளம்பியிருக்கும் மரங்களைப் பார்த்தால் தெரியும்.

காசில்மெய்ன் ஓரத்தில் பென்னிவெயிட் ஃபிளாட் என்ற சிறு இடுகாடு இருக்கிறது. 1850களில் கூடாரங்களில் பிறந்து, கெட்ட தண்ணீராலும் நோயாலும் இறந்த குழந்தைகள் சுமார் 200 பேர் அங்கே கிடக்கிறார்கள். பாறைத் தரை, அதனால் ஆழமாகத் தோண்ட முடியாமல் கற்களை அடுக்கி மூடியிருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் பெயர்கூட இல்லை. எத்தனை தங்கக் கதை கேட்டாலும், இங்கே ஒருமுறை நின்றுவிட்டு வாருங்கள்.

நடக்கும்போது பாதையை விட்டு விலகாதீர்கள். பழைய சுரங்கக் குழிகள் புதருக்குள் மறைந்திருக்கும், சிலவற்றின் வாயில் உளுத்த பலகையும் சருகும் மூடித் தரைபோலவே தெரியும். குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மணல்மேடுபோல வெளுத்துக் கிடக்கும் ஆலைக்கழிவில் விளையாட விடாதீர்கள். இந்தப் பகுதியின் தங்கப் பாறையில் ஆர்செனிக் கலந்திருக்கிறது, இடித்துப் பொடியாக்கியதில் அது கழிவு மணலோடு வெளியே வந்தது. கோலார் தங்கவயலில் சயனைடு மேடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாப்பிடும் முன் கைகழுவுவதும், பூட்ஸை வாசலிலேயே கழற்றுவதும் போதும். பழைய பாட்டில், பீங்கான் ஓடு, ஆணி கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். அவை சட்டம் காக்கும் தொல்பொருட்கள்.

வெயில் காலத்தில் உயர்ந்த புல்லில் நடக்காதீர்கள், விறகுக் குவியலில் பார்க்காமல் கைவிடாதீர்கள். பாம்பு கடித்தால் கடிவாயைக் கழுவக் கூடாது, கீறக் கூடாது. மீள்துணியால் கையையோ காலையோ முழுவதும் இறுக்கமாகச் சுற்றி, அசையாமல் படுக்கவைத்து அவசர எண் 000 அழையுங்கள். கோடையில் அவசர எச்சரிக்கைகள் தரும் விக்எமர்ஜென்சி செயலியைக் கைபேசியில் போட்டுக் காலையும் மாலையும் பாருங்கள். காட்டுத்தீ அபாயம் நான்கு நிலைகளில் இருக்கும். கடைசியான 'கேட்டஸ்ட்ரோஃபிக்' என்று அறிவித்தால் காத்திருக்காமல் முந்தைய இரவோ அதிகாலையோ கிளம்பி மெல்பர்ன் வந்துவிடுங்கள்.

தங்கம் அரிக்க ஆசையா

இங்கே இன்றும் அரிக்கலாம். அன்றைய சுரங்கர் உரிமைச் சீட்டு இன்னும் அதே பெயரில் இருக்கிறது. இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம், பத்து ஆண்டு செல்லும். தனியார் பண்ணையில் அரிக்க அந்தச் சீட்டோடு உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். பூங்காக்களில் அனுமதித்த இடங்களில் மட்டும்தான். கைக்கருவிதான் பயன்படுத்தலாம், தோண்டிய குழியை மூட வேண்டும், செடிகொடிகளைச் சேதப்படுத்தக் கூடாது. கிடைத்தது உங்களுக்கே.

தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு கனம். அதனால் ஓடை வேகம் குறையும் இடங்களில் தங்கும். வளைவின் உட்பக்கம், பெரிய கல்லின் பின்புறம், படுகைப் பாறையின் வெடிப்புகள். வெடிப்பில் இருப்பதைப் பழைய கரண்டியால் சுரண்டி எடுத்துத் தட்டில் பாதிவரை நிரப்புங்கள். தண்ணீருக்குள் தட்டை முழுக்க அமிழ்த்திக் களிமண் கட்டிகளைக் கையால் கரையுங்கள். பெரிய கற்களைக் கழுவி எறியுங்கள். பிறகு தட்டை மட்டமாகப் பிடித்து இடவலமாக வேகமாகக் குலுக்க வேண்டும். கனமானது அடிக்குப் போவது இந்தக் குலுக்கலில்தான். அவசரப்படுகிறவர்கள் விடுவதும் இதைத்தான். அதன்பின் தட்டை முன்பக்கம் சாய்த்து, நீரை ஏற்றி இறக்கி மேல்மணலை வழியவிடுங்கள். நம் வீடுகளில் அரிசியில் கல் அரிக்கும் கைப்பக்குவமேதான் இது, அங்கே கல்லை அடியில் விட்டு அரிசியை எடுப்போம், இங்கே அடியில் நிற்பதுதான் வேண்டியது. நாலைந்து முறை குலுக்கல், சாய்ப்பு, குலுக்கல், சாய்ப்பு.

கடைசியில் ஒரு கரண்டி கரிய மணல் மிஞ்சும். கொஞ்சம் தண்ணீர் விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். மணல் விசிறிபோல நகரும், தங்கம் இருந்தால் அதன் வாலில் மஞ்சள் புள்ளியாகப் பின்தங்கி நிற்கும். சந்தேகமா? உடம்பால் நிழல் கொடுத்துப் பாருங்கள். அப்பிரகம் வெயிலில் மினுக்கி நிழலில் மங்கிவிடும், தங்கம் இரண்டிலும் ஒரே மஞ்சள். ஊசி முனையால் அழுத்தினால், தங்கம்போலத் தெரியும் பைரைட் என்ற கனிமம் நொறுங்கும், தங்கம் நசுங்கும்.

பெரிதாகக் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள், ஒரு புள்ளி கிடைத்தாலே நல்ல நாள். ஆனாலும் 1869 பிப்ரவரி 5 அன்று இதே பகுதியின் மேற்கே மோலியாகலில் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இரண்டு கார்ன்வால்காரர்கள் ஒரு மரத்து வேரடியில், சில சென்டிமீட்டர் ஆழத்தில், உருக்கிய பின் 70 கிலோவுக்கு மேல் தேறிய தங்கக்கட்டியைக் கண்டெடுத்தார்கள். பக்கத்து ஊரான டனோலியின் தராசில் அது கொள்ளாததால் பட்டடையில் வைத்து உடைத்து நிறுத்தார்கள். மாலையில் இதைக் குழந்தைகளிடம் சொல்லிவிட்டால் மறுநாள் அவர்களே உங்களை ஓடைக்கு இழுத்துப் போவார்கள்.

மழை பெய்தால்

மால்டனுக்குப் போங்கள். காசில்மெய்னிலிருந்து நீராவி ரயிலே ஓடுகிறது, ஓடும் நாட்களைப் பார்த்துக்கொண்டு போகவும். கார்மன்ஸ் டன்னல் என்ற பழைய சுரங்கப்பாதையை மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுற்றிக்காட்டுகிறார்கள். படி இறங்கத் தேவையில்லை, மலைக்குள் கிடையாகவே போகிறது என்பதால் பெரியவர்களும் வரலாம்.

கிளம்பும் காலை

அடுப்புச் சாம்பலை நீங்களாக அள்ளிக் கொட்டாதீர்கள், உள்ளே ஒரு நாள்கூடத் தணல் உயிரோடு இருக்கும். கதவைச் சாத்தி அப்படியே விட்டுவிட்டு உரிமையாளரிடம் சொன்னால் போதும். கிராமத்துக் குப்பை வண்டி அடிக்கடி வராது, அதனால் உங்கள் குப்பையை முடிந்தவரை கூடவே எடுத்து வந்துவிடுங்கள். பூட்ஸ் அடியில் ஒட்டிய மண்ணையும் சாணத்தையும் பண்ணையிலேயே சுரண்டிக் கழுவுங்கள். களைவிதையும் கால்நடை நோயும் ஒரு பண்ணையிலிருந்து அடுத்ததற்கு அந்த மண்ணோடுதான் போகின்றன. திரும்பும் வழியில் ஹார்கோர்ட்டில் சாலையோரக் கடை திறந்திருந்தால் ஆப்பிள் வாங்கிக்கொள்ளுங்கள், பல கடைகளில் ஆளிருக்க மாட்டார், உண்டியல் மட்டும் இருக்கும், சில்லறை கையில் வைத்திருங்கள்.